கண்ணாடியில் அசைந்த உதடு

செப்டம்பர் 9
துறைமுக விடுதி, அறை எண் 6

படப்பிடிப்புக் குழுவின் தொடர்ச்சிக் குறிப்பாளர் அவர்களுக்கு,

இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு என் மகளைப் படகில் ஏற்றிவிட்டு, என் வலது காலைப் படகின் விளிம்பில் வைத்த நேரத்தில், படகுக்காரர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "சார், உங்க பேரு இன்னைக்கு லிஸ்ட்ல இல்ல. கோவிச்சுக்காதீங்க" என்றார். ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நின்று ஓர் அறிக்கையைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை, அதை எழுதியபோது தாங்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அறிக்கையில் தங்கள் கையெழுத்தில் இருந்தது இது: "காட்சி 41. மூன்று டேக்கிலும் கலங்கரை விளக்கத்தின் விளக்கறைக் கண்ணாடியில் மூக்குக்கண்ணாடி அணிந்த ஆண் உருவம் தெரிகிறது. நடிகை பேசும்போதெல்லாம் அதன் உதடு அசைகிறது. உருவம்: நடிகையின் தந்தை." அதன் கீழே இயக்குநரின் ஆணை: இனி அந்த உருவம் தீவுக்கு வர வேண்டாம், கடல் சரியில்லாததால் நடிகர்கள் இன்று முதல் தீவிலேயே தங்குவார்கள், சிறுமிக்குத் துணையாக அவளுடைய சித்தி வரலாம். அந்தச் சித்தி கடல் பார்ப்பதற்காக இரண்டு நாள் வந்தவர். பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படகில் தாவி ஏறி எனக்குக் கையசைத்தார்.

நான் உருவம் அல்லன். ஒரு பல்கலைக்கழகத்தில் துணைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளன். பதினாறு வயது மகளின் முதல் படத்துக்காக, இருபத்தாறு ஆண்டுகளில் சேர்ந்த விடுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன். ஒரு ஷாட்டில் இருக்கக் கூடாத பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது தங்கள் வேலை என்று அறிகிறேன். மூன்று டேக் முடியும் வரை கண்ணாடியில் என் முகம் இருந்ததைத் தாங்கள் பார்க்கவில்லை. பார்க்காதவர் தீவில் இருக்கிறார்; பார்க்கப்படாதவர் விடுதியில் இருக்கிறார்.

ஒரு தகவல். என் மகள் பதினெட்டாம் தேதி வரை நடிப்பதற்கே நான் ஒப்புதல் தந்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள் வேண்டுமானாலும் என் கையெழுத்து வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நடிகையின் தந்தை


செப்டம்பர் 10
தீவு, விளக்குக் கோபுரத்தின் அடித்தளம்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தைப் படகுக்காரர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "அக்கா, சூடா இருக்கு. பார்த்துப் பிரிங்க" என்றார். பார்த்துத்தான் பிரித்தேன். அப்படியும் சுட்டது.

நீங்கள் எழுதியது சரி. தவறு என்னுடையது. இயக்குநருக்குக் கொடுத்த அறிக்கையின் முதல் வரியே "இதை நான் கவனிக்கவில்லை" என்பதுதான். உங்களுக்கு வந்த தாளில் அந்த வரி இல்லை. யாரோ இரக்கப்பட்டு வெட்டிவிட்டார்கள்.

என் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. ஒரே காட்சியை நான்கு நாட்களில் துண்டு துண்டாக எடுப்பார்கள். திங்கட்கிழமை வலது கையில் இருந்த டம்ளர் வியாழக்கிழமை இடது கைக்குப் போய்விடக் கூடாது. அதற்குத்தான் நான். அன்று உங்கள் மகளின் சட்டைக் கையில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டிலிருந்து நான்கு விரல். அது மூன்று டேக்கிலும் அப்படியே இருந்தது. நீங்களும் மூன்று டேக்கிலும் அப்படியே இருந்தீர்கள். அதனால்தான் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

அவள் நன்றாக இருக்கிறாள். இங்கே அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் நடிக்கும் பாத்திரம், அதாவது கலங்கரை விளக்கக் காவலாளியின் மகள், படி ஏறும்போது எண்ணிக்கொண்டே ஏறுவதாக ஒரு ஷாட். "நான் இந்தக் கோபுரத்துலயே பொறந்தவ சார். எதுக்கு எண்ணணும்? எண்ணினா விருந்தாளி மாதிரி இருக்கும்" என்றாள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இவ நடிக்க வந்தாளா, கேஸ் நடத்த வந்தாளா?" என்று எங்களைப் பார்த்தார். பிறகு எண்ணும் வசனத்தை அடித்துவிட்டார். சித்தி கோபுர நிழலில் நாற்காலி போட்டுத் தூங்குகிறார். நிழல் நகர நகர அவரும் நகர்கிறார், கண்ணைத் திறக்காமலே.

கடைசியாக ஒன்று. நியாயத்துக்காகக் கேட்கிறேன், குத்திக் காட்டுவதற்காக அல்ல. உங்கள் தேர்வு அறையில் ஒரு பையன் உதட்டை அசைத்தால் என்ன செய்வீர்கள்?

தொடர்ச்சிக் குறிப்பாளர்


செப்டம்பர் 11

அம்மையீர்,

தங்கள் வினாவுக்கு விடை: முதல் முறை எச்சரிப்போம். இரண்டாம் முறை இருக்கையை மாற்றுவோம். மூன்றாம் முறைதான் வெளியேற்றுவோம். எனக்கு எச்சரிக்கையும் இல்லை, இருக்கை மாற்றமும் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த நடைமுறை ஒரு மாணவனுக்கு நேர்ந்திருந்தால், அவன் மேல்முறையீடு செய்து வென்றிருப்பான். அந்தத் தீர்ப்பை எழுதியவனும் நானாகவே இருந்திருப்பேன்.

நான் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று தாங்கள் கருதக்கூடும் என்பதால் சிலவற்றைத் தெரிவிக்கிறேன். கடந்த ஓர் ஆண்டில் என் மகளைப் பதினான்கு நடிகர் தேர்வுகளுக்கு அழைத்துச் சென்றேன். பதினான்கு தாழ்வாரங்களில், சுவரோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். ஒன்பதாவது இடத்தில் அவளுடைய பற்களைப் பற்றி ஒருவர் ஏதோ சொன்னார். அவள் காரில் ஏறி இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளைத் தின்று முடித்துவிட்டு, "அடுத்தது என்னைக்குப்பா?" என்று கேட்டாள். அன்று முடிவு செய்தேன், இந்தப் பெண்ணுக்கு நான் செய்யக்கூடியது எதுவோ அதை முழுமையாகச் செய்வதென்று.

இந்தப் படத்துக்காக எங்கள் சமையலறை மேசையில் இரண்டு மாதம், தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஒத்திகை பார்த்தோம். அவளுடைய பாத்திரம் தவிர மற்றப் பதினொரு பாத்திரங்களையும் நானே வாசித்தேன். ஆடு உட்பட. என் மனைவி மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும்போது கதவருகில் நின்று, "அந்த ஆடு மட்டும் தத்ரூபமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆகவே அந்த வசனங்கள் என் உதட்டில் இருப்பது குற்றம் அன்று. அவை அங்கே குடியிருக்கின்றன.

மகள் எனக்குத் தினமும் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புகிறாள். "நல்லா இருக்கேன்பா. சாப்பிட்டேன்பா." அவ்வளவுதான். வக்கீல் என்று பெயர் எடுத்தவள் தந்தைக்கு எழுதும்போது மட்டும் இத்தனை சுருக்கமாக இருப்பதேன் என்று விளங்கவில்லை. எனவே அவள் காலையில் உண்மையிலேயே உண்கிறாளா என்று தாங்கள் எழுதவும். இது வேண்டுகோள் அன்று. பெற்றவன் கேட்கும் தகவல்.


செப்டம்பர் 13

ஐயா,

தகவல்: காலை ஏழு மணி, முட்டை இரண்டு, ரொட்டி மூன்று. அதில் ஒன்று என் தட்டிலிருந்து எடுத்தது. பால் பாதி டம்ளர். மீதிப் பாதி பூனைக்கு. பூனை காட்சி 22-இல் வருகிறது. அதற்குள் பெருத்துவிடும், நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்று முழுக்கக் காற்று. கேமரா மேல் போட்ட தார்ப்பாய் பறந்து கடலில் விழுந்தது. எல்லோரும் சமையல் கொட்டகையில் அடைந்து கிடந்தோம். வக்கீலம்மா எங்கள் ஒவ்வொருவரைப் போலவும் நடித்துக் காட்டினாள். என்னைப் போல நடிக்கும்போது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பிறகு அதே பென்சிலை ஐந்து நிமிடம் தேடினாள். நான் அப்படியா என்று கேட்டேன். நான் கேட்ட விதத்தையும் அப்படியே நடித்தாள். படகுக்காரர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

இனி விஷயம். காற்றால் இரண்டு நாள் போய்விட்டது. பதினெட்டாம் தேதி எடுப்பதாக இருந்த காட்சி 58 இருபதுக்குப் போகிறது. உங்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். காவலாளிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார். அவர் தட்டுத் தடுமாறி எழுதும் விளக்கு நாட்குறிப்பை மகள் இரண்டு வருடமாக, அவருக்குத் தெரியாமல், அவர் கையெழுத்திலேயே மாற்றி எழுதி வருகிறாள். பார்வை போவது தனக்குத் தெரியும் என்பதை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் காட்சி. படமே அதற்குத்தான்.

இருபதாம் தேதிக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன். சித்திக்குப் பதினெட்டோடு விடுப்பு முடிகிறது. அதனால் துணைக்கும் நீங்கள் வந்தாக வேண்டும். இயக்குநர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தீவுக்கு வரட்டும். சமையல் கொட்டகையைத் தாண்டி ஒரு அடி வரக் கூடாது."

உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் காட்சி 58-ஐ பதினெட்டு வயது தாண்டிய வேறு ஒரு பெண்ணின் முதுகை வைத்து எடுப்பதாகப் பேச்சு. முகம் இருக்காது.


செப்டம்பர் 14

அம்மையீர்,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். வெறுமையாக.

ஓர் ஆண்டாக நான் எதற்காகக் காத்திருந்தேனோ, அந்தக் காட்சி நடக்கும் இடத்திலிருந்து இருநூறு படிக்கட்டு கீழே, வெங்காயக் கூடைகளுக்கு நடுவே நான் அமர்ந்திருக்க வேண்டும் என்பது தங்கள் இயக்குநரின் கருணை. என் நிபந்தனை எளியது. ஒரு நாற்காலி. கேமராவுக்குப் பின்னால், கண்ணாடிகளில் பிரதிபலிக்காத எந்த மூலையிலும் இருக்கலாம். அங்கிருந்து என் மகளின் முகம் எனக்குத் தெரிய வேண்டும். இது எழுத்தில் வராதவரை இருபதாம் தேதி இல்லை.

என் மனைவியிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்றாள். யார் என்று கேட்டேன். "எல்லாருமே" என்று வைத்துவிட்டாள். இதை ஏன் தங்களுக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விடுதியில் பேசுவதற்கு ஆள் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஒரு காட்சியில் ஒரு கண்ணாடியில் தெரிந்ததற்கு, எல்லாக் காட்சியிலிருந்தும் விலக்கியிருக்கிறீர்கள். குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இல்லை. இப்படிப் பொருந்தாத கோப்புகளை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எப்போதும் கோப்பில் இல்லாத வேறொரு காரணம் இருக்கும். அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.


செப்டம்பர் 15

ஐயா,

இருக்கிறது.

கண்ணாடி விஷயம் நடப்பதற்கு நான்கு நாள் முன்பே அவள் என்னிடம் சொன்னாள். தலை பின்னிக்கொண்டிருந்தார்கள், அதனால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அப்பா உதடு அசையறது என் கண்ணுல படுது. படலைன்னாலும் அசையுதுன்னு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ளேயே அந்த வசனம் முடிஞ்சுபோன மாதிரி இருக்கு. ஆறிப்போன டீயைக் குடிக்கற மாதிரி."

அப்பாவிடமே சொல்லேன் என்றேன். "அவர் இல்லைன்னா நான் இங்கேயே இல்லையே அக்கா. அதை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?" என்றாள். இத்தனை பேரோடு வாதாடுகிறவள் இந்த ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இயக்குநரிடம் சொன்னேன். அவர் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் நீங்களே கண்ணாடியில் வந்து நின்றீர்கள். எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது.

நேற்று உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டினேன். உள்ளதை அப்பாவுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். பூனையின் காதைத் தடவிக்கொண்டே, "எழுதுங்க அக்கா. ஆனா மெதுவா எழுதுங்க" என்றாள்.

எனக்கு மெதுவாக எழுதத் தெரியாது. மன்னிக்கவும்.


செப்டம்பர் 17

அம்மையீர்,

படிவம் இணைக்கப்பட்டுள்ளது. கையெழுத்து இட்டிருக்கிறேன். நிபந்தனை எதுவும் இல்லை.

நேற்று நான் எழுதவில்லை. காலையில் வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருக்க, முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது, செய்தி வாசிக்கும் பெண்மணிக்கும் என் உதடு அசைந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன செய்தி வரும் என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் அரை விநாடி பின்னால் ஓடித் துரத்திக்கொண்டிருந்தேன். தாடையில் வெட்டிக்கொண்டேன். பிறகு துறைமுகச் சுவரின் கடைசி வரை நடந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "ரத்தம் வருது சார்" என்றார். தெரியும் என்றேன்.

என் கோபம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது அப்படியே இருக்கிறது. முகவரி மட்டும் மாறியிருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகளாக, தேர்வு அறைகளில் ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நெடுநேரம் நிற்கக் கூடாது, நின்றால் அவன் கை எழுதாது என்று கண்காணிப்பாளர்களுக்கு வகுப்பெடுத்து வருகிறேன். கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். அடிக்கோடும் இடுவேன்.

நாளை காலைப் படகில் வருகிறேன். நேராகச் சமையல் கொட்டகைக்குப் போய்விடுவேன். யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தங்கள் கடிதம் மெதுவாகத்தான் இருந்தது என்று.


செப்டம்பர் 19, பிற்பகல்
விளக்கறையிலிருந்து சமையல் கொட்டகைக்கு

ஐயா,

ஒரே தீவில் இருந்துகொண்டு கடிதமா என்று சமையல்காரர் சிரிப்பார். நான் கீழே இறங்கினால் இங்கே யாராவது நாற்காலியை நகர்த்திவிடுவார்கள்.

காவலாளியாக நடிக்கும் பெரியவரின் பக்கத்தை இன்று எடுத்து முடித்துவிட்டோம். அவருக்கு வேறு படம் இருக்கிறது, மாலைப் படகில் போகிறார். நாளை கேமரா உங்கள் மகளின் முகத்தை மட்டும் பார்க்கும். எதிரே யாராவது நின்று அப்பாவின் வசனங்களை வாசிக்க வேண்டும். இது எப்போதும் நடப்பதுதான். வழக்கமாக உதவி இயக்குநர் வாசிப்பார். இன்று ஒத்திகை பார்த்தோம். ரயில் நிலையத்தில் "வண்டி தாமதமாக வரும்" என்று அறிவிப்பது போல வாசித்தார். "சார், எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியலையா, இல்ல உயிரே இல்லையா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

அப்புறம் அவளே ஒரு மனு போட்டாள். எதிரே நீங்கள் நின்று வாசிக்க வேண்டுமாம். இயக்குநர் சொன்னார்: "உதட்டை அசைச்சதுக்குத்தானேம்மா அவரை வெளியில அனுப்பினோம்?"

"அப்போ நான் பேசறப்போ அசைச்சார் சார். இப்ப அவர் பேசறப்போ அசைக்கட்டும். நான் பேசறப்போ சும்மா நிக்கணும்னு நான் சொல்லிக்கறேன்."

இயக்குநர் நீதிபதி மாதிரி மேசையைத் தட்டினார். "தீர்ப்பு உனக்குச் சாதகம்" என்றார்.

வருகிறீர்களா?


செப்டம்பர் 19, மாலை நான்கு மணி
சமையல் கொட்டகை

அம்மையீர்,

இது எனக்கு அளிக்கப்படும் ஆறுதல் பரிசானால் ஏற்கமாட்டேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு நாட்களில் நாற்பது பேருக்கான வெங்காயத்தை ஒரே அளவில் நறுக்கக் கற்றிருக்கிறேன். சமையல்காரர் என் கையெழுத்தைப் பாராட்டாதவர். என் வெங்காயத்தைப் பாராட்டுகிறார். என்றாலும் இந்தக் கடிதத்தை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "போங்க சார். பொண்ணு கூப்பிடுது, இங்க உக்காந்து காகிதத்துல சண்டை போட்டுட்டிருக்கீங்க" என்கிறார்.

ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும். என்னை அழைத்தது நடிகையா, மகளா? மகள் இரக்கப்பட்டு அழைத்திருந்தால் வரமாட்டேன். நடிகைக்குத் தேவை என்றால் வருகிறேன்.


செப்டம்பர் 19, நாலே கால்

ஐயா,

கேட்டேன். அவள் பதில்: "ரெண்டு பேரும்தான். ஏன், ஒரே மனுல ரெண்டு பேர் கையெழுத்துப் போடக் கூடாதா?"

காலை எட்டு மணி. வெளிர் நிறச் சட்டை வேண்டாம், கண்ணாடியில் தெரியும்.


செப்டம்பர் 22
தீவு

ஐயா,

நீங்கள் இருவரும் படகில் போன பிறகு தீவு ஒரு சுற்று சிறுத்துவிட்டது. பூனை கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

இருபதாம் தேதிக் காட்சியை நேற்று எல்லோரும் திரையில் பார்த்தோம். நீங்கள் இல்லை என்பதால் எழுதுகிறேன். அவள் எதிரே நீங்கள் நின்றீர்கள், அடர் நீலச் சட்டை, இரண்டு கையும் பின்னால். அவள் சொன்னாள்: "உங்க கண்ணு போயிட்டிருக்குன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்பா. அந்தப் புத்தகத்துல எழுதறது நீங்க இல்ல. நான்." பிரதியின்படி நீங்கள் உடனே "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. பதினொரு விநாடி. என் கையில் நிறுத்துக் கடிகாரம் இருந்தது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன். உதவி இயக்குநர் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். இயக்குநர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பிரதியில் அந்த இடத்தில் அவள் அழ வேண்டும். அழவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சிரித்து, எந்தப் பிரதியிலும் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: "அவசரமில்லப்பா. நான் இங்கதான் இருக்கேன்." அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்டீர்கள், எப்படித் தெரிந்தது என்று. நிஜமாகவே தெரியாதவர் கேட்பது போல.

இன்னொரு டேக் வேண்டுமா என்று இயக்குநர் யாரையும் கேட்கவில்லை. நேற்று திரையில் அது முடிந்ததும் கைதட்டல் இல்லை, ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சமையல்காரர் தான் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்த மாணவர் நீங்கள் என்று இங்கே அனைவருக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் எனக்குத் தலைவலி. அதற்கு முந்தைய நாள் எடுத்த பெரியவரின் பக்கத்தில் இந்த மௌனம் இல்லை. அவர் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒட்டாது. அவர் திரும்பி வந்து பதினொரு விநாடி சும்மா நிற்க வேண்டும். தயாரிப்பு மேலாளர் கரைக்குப் போய் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். சிரித்தாராம். "முப்பது வருஷமா வசனம் பேசிட்டேன். சும்மா நிக்கக் கூப்பிட்டது நீங்கதான். வர்றேன்" என்றாராம். ஒரு நிபந்தனை: "அந்தப் பதினொரு விநாடியும் அந்த அப்பா என்ன நினைச்சார்னு கேட்டு எழுதி வாங்கி வைங்க. அதையே நானும் நினைச்சுக்கறேன்."

என் தாளிலும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. "பிரதியிலிருந்து விலகல்: பதினொரு விநாடி. காரணம்:" வசனம் மறந்துவிட்டதா, ஐயா? அப்படி என்றால் அதையே எழுதுங்கள். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.


செப்டம்பர் 25
வீடு

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பெரியவருக்கு உரிய விடை இது. அவரிடம் மட்டும் கொடுக்கவும்.

எனக்கு வசனம் மறக்கவில்லை. பதினொரு விநாடியும் அது என் நாக்கின் நுனியில், உரிய நிறுத்தக்குறியோடு இருந்தது. சமையலறை மேசையில் அந்த வரிகளை அவள் சொல்ல நான் இருநூறு முறையாவது கேட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்று விளக்கறையில்தான் தெரிந்தது, ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று. மேசையில் அவள் பேசும்போதெல்லாம், என் முறை எப்போது வரும் என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று என் கையில் தாள் இல்லை. சும்மா நிற்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவும் இருந்தது. அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் அதைப் பேசிக்கொண்டிருந்த பெண் எனக்கு அதுவரை அறிமுகம் இல்லாதவள். இவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். பெரியவர் வருத்தமாக எதையும் நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தந்தை அந்த நேரத்தில் வாழ்க்கையில் ஒருபோதும் இல்லாத அளவு நன்றாக இருந்தார்.

தங்கள் மீது எனக்கு ஒரு குறை இன்னும் இருக்கிறது. முதல் அறிக்கையில் என்னை "உருவம்" என்று எழுதினீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. படம் வெளிவரும் நாளில் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாம். என் மனைவியும் தங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எதற்கு என்று கேட்டேன். கைகுலுக்க வேண்டுமாம். புதிதாக ஒரு படத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. துணைக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது, நானாகவே, சித்தி போகட்டும் என்றேன். மகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "ஒரு நாளாவது வருவீங்கல்ல?" என்றாள். ஒரு நாள் போவேன்.

இனி, தங்கள் தாளில் காலியாக உள்ள கட்டம். அங்கே "மறதி" என்றே எழுதிக்கொள்ளுங்கள். படகில் வரும்போது, "வசனம் மறந்துட்டீங்களாப்பா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு வந்த சிரிப்பைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். நேற்று மாலை முழுக்கத் தொலைபேசியில் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பாவுக்கே மறந்துபோச்சுடி. அப்படியே நிக்கறார். நான்தான் சமாளிச்சேன்." அடுத்த அறையில் அலுவலகக் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடப் படிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தோழிகளுக்கு மூன்று முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகச் சொன்னாள். மூன்றாவது மிக நன்றாக இருந்தது.